டெக்சாஸில் குரல் கொடுத்த கதை

அமெரிக்காவிலிருந்து திரும்பிய மறுநாள் காலையிலேயே கருவாடு காயப்போடுகிற மணல்மேட்டுக்குப் போனேன். தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தவளாயிற்றே, குழந்தை யார் சாடை, தலையில் முடி இருக்கிறதா என்று கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்கள் கேட்டதே வேறு.

"இன்னா வசந்தாக்கா, அங்க வீட்டுக்கு வீடு துப்பாக்கி வச்சிக்கினு கீறாங்களாமே, நெசமா? நீ பாத்தியா?"

"பாத்தேன். என் நெஞ்சுக்கு நேரா பாத்தேன்," என்றேன்.

ஒருத்தி கையிலிருந்த வாளை மீனை நழுவவிட்டாள். அன்றைக்கு வெயில் ஏறிவிட்டதால் அரைகுறையாகத்தான் சொன்னேன். இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான், எழுத வரும். பேச அதைவிட நன்றாக வரும் என்று ஊரே சொல்லும்.

நான் போக வேண்டியதே இல்லை. பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்றவள்தான் போகணும். ஆனால் தம்பி பெண்டாட்டி தேவியின் அம்மா, திருப்பாலைவனத்துக்காரி, "வானத்துல பறக்கறதுக்கு நான் இன்னா காக்காவா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். வயலில் நடவு வேறு. என் தம்பி செல்வத்துக்கு அம்மாவும் இல்லை, நைனாவும் இல்லை. இருப்பது நான் ஒருத்தி. நாத்தனார் பிரசவம் பார்க்கப் போகிறாளாம் என்று நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நான் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தேன், நடுவில் நெத்திலிக் கருவாட்டையும் வைத்தேன்.

அந்த ஊர் விமான நிலையத்தில் ஒரு நாய் வந்து என் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நல்ல லட்சணமான நாய்தான். ஆனால் அது உட்கார்ந்தால் குற்றமாம். அதிகாரி பெட்டியைத் திறந்தார், முகத்தைத் திருப்பினார், இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார். "இது என்ன?" "மீன் சார்." "உயிரோடு இருக்கிறதா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெயிலில் நாள்கணக்கில் காய்ந்தது எப்படி சார் உயிரோடு இருக்கும்? கடைசியில் விட்டுவிட்டார்கள்.

அடுத்து, விமான நிலையத்துக்குள்ளேயே ஓடுகிற ஒரு குட்டி ரயில். ஓட்டுநரே கிடையாது. அதில் ஏறியவள் இறங்க வேண்டிய இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். பழவேற்காட்டு பஸ்ஸாக இருந்தால் கண்டக்டராண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அங்கே கேட்க ஆள் ஏது? துடைப்பத்தோடு ஏறிய ஒரு அம்மா, மெக்சிகோ பக்கத்து ஆளாம், என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவளுக்குப் புரியவில்லை, இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் போனோம்.

வெளியே செல்வம் காரோடு நின்றான். கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் இன்ஜினியர் வேலை அவனுக்கு. கார் புதிது. முன் கண்ணாடியில் மட்டும் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை டேப் ஒட்டியிருந்தது. "இன்னாடா இது?" என்றேன். "கல்லு பட்ருச்சிக்கா," என்றான். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும், சின்ன வயசிலிருந்தே அப்படி.

உண்மையை தேவிதான் சொன்னாள். மறுநாள் நான் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது, நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். பெட்ரோல் பங்க்கில் ஒரு பெரிய வண்டியில் வந்த ஆட்கள் செல்வத்தைப் பார்த்து "உன் நாட்டுக்குப் போடா" என்று பாட்டிலை வீசியிருக்கிறார்கள். தெருமுனை வரை பின்னாலேயே வந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வீட்டு வாசலில் நின்ற காரின் கண்ணாடி உடைந்திருந்தது. போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, போய்விட்டது.

"அதுலேர்ந்து துப்பாக்கி வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு அண்ணி. அது உள்ள வந்துச்சுன்னா நான் கொழந்தைய தூக்கிக்கினு ஊருக்குப் போய்டுவேன். வெளாட்டுக்கு சொல்லல."

சாயந்திரம் செல்வம் வந்து இன்னொரு பக்கம் ஆரம்பித்தான். "கொழந்த வரப்போவுதுக்கா. நாளைக்கு கதவ உடச்சிக்கினு ஒருத்தன் வந்தா நான் இன்னா பண்ணுவேன்? கரண்டிய தூக்கிக் காட்டவா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். "பாத்துட்டு சொல்றேன்," என்றேன். நான் அப்படிச் சொன்னால் தீர்ப்பு வரும் என்று அவனுக்குத் தெரியும்.

பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். எங்கே என்கிறீர்கள்? தூண்டில் விற்கிற கடைக்கு! அம்மாடி, எத்தனை வகை முள், எத்தனை நைலான் நரம்பு, ஒரு தெருநீளத்துக்கு! நான் அங்கேயே குடியிருந்திருப்பேன். அதற்கு அடுத்த வரிசையில் துப்பாக்கி. வளையல் கடையில் எடுத்துக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துத் துணிமேல் வைத்துக் காட்டுகிறார்கள். ரோஸ் கலரில்கூட ஒன்று இருந்தது. நான் நண்டு பிடிக்க ஆசைப்பட்டதால் செல்வம் எனக்கு ஒரு லைசென்ஸ் எடுத்தான். ஆமாம், அந்த ஊரில் நண்டு பிடிக்க லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள அப்படி ஒன்று வேண்டாமாம். செல்வத்திடம் அங்கேயே தங்குவதற்கான கிரீன் கார்டு இருக்கிறது, துப்பாக்கிக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான், விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். "நான் சொல்லாம எடுக்காத," என்று அங்கேயே அவனிடம் சொல்லிவிட்டேன்.

லொரெய்னை முதலில் பார்த்தது அந்தக் கடையில்தான். ஆஜானுபாகுவான கறுப்பினப் பெண்மணி, நரைத்த தலை, ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். தோட்டாப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நீதான் அக்காவா? சமையல் வாசனை என் வீடு வரை வருகிறதே!" என்றாள். தம்பிக்குப் பக்கத்து வீடு. தனியாக இருக்கிறாள். என் இங்கிலீஷ் மீன் விற்கத்தான் போதும், மற்றதை செல்வம் சொன்னான்.

கேட்கக் கூடாததைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். "ஒண்டிக்கட்டைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்களைப் பிடிக்காதவர்கள் ராத்திரியில் வண்டிகளில் வருவார்கள். அப்பா கதவுக்குப் பின்னால் மடியில் துப்பாக்கியோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அவர் இருந்ததால் நான் தூங்கினேன். இப்போது அந்த நாற்காலியில் நான்," என்றாள். "சனிக்கிழமை வா. எங்கள் கூட்டத்தைப் பார்."

சனிக்கிழமை போனோம். தேவி வரவில்லை. ஊருக்கு வெளியே மண்மேடு எழுப்பிச் சுடுகிற இடம். காதுக்கு மூடி கொடுத்தார்கள். லொரெய்னைப் போன்ற பெண்கள் பாதி. தலைப்பாகை கட்டிய ஒரு சர்தார்ஜி, கடை வைத்திருப்பவர். வியட்நாமிலிருந்து வந்து இறால் படகு ஓட்டுகிற ஒரு பெரியவர். ஒவ்வொருவரிடமும் ஒரு கதை. சர்தார்ஜியின் தலைப்பாகையை யாரோ இழுத்திருக்கிறார்கள். இறால்காரரின் படகு அவர் வந்த புதிதில் ஒரு காலை தண்ணீரில் எரிந்துகொண்டிருந்ததாம். அவர் சொல்லும்போது எனக்கு வயிறு எரிந்தது. படகு எரிந்தால் என்ன என்று படகுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

என்னையும் சுடச் சொன்னார்கள். சுட்டேன். தோள் விலகியதுபோல் இருந்தது, குண்டு எங்கே போனதோ தெரியாது. "ஆகாயத்துல ஓட்ட போட்டுட்டக்கா," என்று செல்வம் சிரித்தான். போடா!

அப்புறம் சாப்பாடு. பெரிய அண்டாவில் நண்டு, சோளம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து, காரப்பொடியைக் கொட்டி, மேசைமேல் காகிதத்தை விரித்து அப்படியே கவிழ்த்துவிட்டார்கள். தட்டு கிடையாது. நண்டு நல்ல நண்டு, எங்கள் ஏரி நண்டுக்குச் சித்தப்பா மகன். குழம்பு வைக்கத் தெரியவில்லையே என்ற வருத்தம்தான் எனக்கு. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டிருந்தால் அந்த நண்டின் பிறவிப்பயனே வேறு.

நண்டை உடைத்துக்கொண்டே நான் என் கட்சியைச் சொன்னேன். "எங்க ஊர்ல குரல்தான் துப்பாக்கி." இது நிஜம். பழவேற்காடு ஏரியில் விடியலுக்கு முன்னே, பனிமூட்டத்தில், இன்னொருத்தன் வலைப் பக்கம் போனால் சும்மா போகக் கூடாது. உன் பேர், அப்பன் பேர், உன் குப்பம், மூன்றையும் கத்திச் சொல்லணும். அந்தப் பக்கத்திலிருந்து "வழி இருக்கு, வா!" என்று பதில் வரும். கத்தாமல் வருகிறவன் திருடன், அவனுக்குக் கழியால் அடி. ஆபத்து என்றாலும் இதே குரல்தான், எந்தக் குப்பத்துக்காரனாக இருந்தாலும் படகைத் திருப்பியாகணும். செய்து காட்டு என்றார்கள். எழுந்து நின்று வயிற்றிலிருந்து கொடுத்தேன். "வசந்தாடோய்! முனுசாமி மவ! லைட்ஹவுஸ் குப்பம்!" மரத்திலிருந்த பறவைகளெல்லாம் கிளம்பிவிட்டன. எல்லோரும் கைதட்டினார்கள்.

லொரெய்ன் மட்டும் கைதட்டிவிட்டுக் கேட்டாள். "நான் கத்தினால் யார் வருவார்கள், வசந்தா? போலீஸ் வரும். வந்ததும் முதலில் என் கையைத்தான் தூக்கச் சொல்லும்."

உடைத்த நண்டை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். வீடு திரும்புகிற வழியெல்லாம் யோசித்தேன். கத்தினால் ஆள் வருகிற ஊரில் பிறந்தவள், அந்தத் தைரியத்தில் பேசுகிறேன். வராத ஊரில் இவர்கள் என்ன செய்வார்கள்? மறுநாள் கடையிலிருந்து, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று செல்வத்துக்குத் தகவல் வந்தது. "சரி, வாங்கிக்கடா. நாளைக்கு வேல முடிஞ்சி போயி எடுத்துக்கினு வா. தேவியாண்ட நான் பேசறேன்," என்று சொல்லிவிட்டேன்.

பேசினேன். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். "நீங்களுமா அண்ணி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக் குழந்தைத் துணியை அடுக்க ஆரம்பித்தாள். இந்த வயிற்றோடு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அடுக்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மனசு சரியில்லை என்றால் நான் தண்ணீரைப் பார்க்கப் போய்விடுவேன். மறுநாள் விடிகிற நேரம், நல்ல மூடுபனி. வீடுகளுக்குப் பின்னால் ஒரு உப்பங்கழி ஓடுகிறது. குளிருக்கு செல்வத்தின் தலைமூடி வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு நீளக் கழியோடு இறங்கினேன். கயிற்றில் கோழிக்கழுத்தைக் கட்டிப் போட்டால் நண்டு வந்து பிடித்துக்கொள்கிறது, விடவே மாட்டேன் என்கிறது. வாளி நிறைந்துவிட்டது. இவ்வளவு நண்டை என்ன செய்வது? நிறைமாதக்காரிக்கு நண்டு சூடு, கொடுக்கக் கூடாது. சரி, லொரெய்னுக்குப் பங்கு கொடுக்கலாம் என்று கிளம்பினேன்.

எங்கள் குப்பத்தில் மீனோ நண்டோ தெருவாசல் வழியாகக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. கொல்லைப்பக்கம் போய், படலைத் தள்ளி, பாத்திரத்தில் கொட்டிவிட்டு வந்துவிடுவோம். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அதையேதான் செய்தேன். உப்பங்கழியிலிருந்து அவள் வீட்டுக் கொல்லைக் கதவு பக்கம்தான். கொக்கியைத் தூக்கினேன், உள்ளே போனேன். குரல் கொடுக்கத் தோன்றவே இல்லை. குரல் கொடுப்பது தண்ணீரில், கொல்லையில் யார் கொடுப்பார்கள்?

பலகைப் படியில் கால் வைத்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கதவு திறந்தது. லொரெய்ன் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், என் நெஞ்சுக்கு நேராக. அவள் பார்த்தது வசந்தாவை இல்லை. தலையை மூடிக்கொண்டு கையில் கழியோடு பனிக்குள் நிற்கிற ஒரு ஆளை. அவள் ஏதோ கத்தினாள், எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மூளை நின்றுவிட்டது. வயிறு மட்டும் வேலை செய்தது.

"வசந்தாடோய்! முனுசாமி மவ! லைட்ஹவுஸ் குப்பம்!"

வாளி உருண்டது. அவள் துப்பாக்கி ஒரு சாண் இறங்கியது. அந்தக் குரலை அவள் சனிக்கிழமை கேட்டிருக்கிறாளே. அதே நேரம் பக்கத்து வீட்டுக் கதவு தடாலென்று திறந்தது. செல்வம்! ஏரியில் வளர்ந்தவன், தூக்கத்திலும் அந்தக் குரல் அவனை எழுப்பிவிடும். லுங்கியோடு வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தான். லொரெய்ன் அவன் பக்கம் திரும்பினாள், துப்பாக்கியும் கூடவே திரும்பியது. நான் "ஐயோ, தம்பி!" என்று அலறினேன். அவன் இரண்டு கையையும் அகல விரித்தபடியே நின்றான். விளக்கு வெளிச்சத்தில் கைகள் நன்றாகத் தெரிந்தன. வெறுங்கை.

லொரெய்ன் துப்பாக்கியை இறக்கினாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள். "சுட்டிருப்பேன். உன்னைச் சுட்டிருப்பேன்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். வேலிக்கு அந்தப் பக்கம் தேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நண்டுகள் கொல்லை முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் மூன்று பேரும் எழுந்து அவற்றைப் பிடித்து வாளியில் போட்டோம். ஒன்று செல்வத்தின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது, அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் செல்வம் தேவியின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். "நேத்தே அத வாங்கியாந்திருந்தா, கைல எடுத்துக்கினுதான் தேவி ஓடியிருப்பேன். அவங்க என்ன சுட்ருப்பாங்க, இல்லன்னா நான் அவங்கள சுட்ருப்பேன். வோணாம். நான் போயி எடுக்கப்போறதில்ல." தேவி அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள், பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். "நான் சொன்னதுதான் தப்பு," என்று அவளிடம் சொல்லவும் செய்தேன்.

சாயந்திரம் லொரெய்ன் வந்தாள். நண்டுக்குழம்பு கொடுத்தேன், மூக்கில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டாள். "நான் துப்பாக்கியை விட மாட்டேன், வசந்தா. என்னால் முடியாது," என்றாள். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அவள் அப்பா உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் தேவி ஒன்று சொன்னாள். திருப்பாலைவனத்து வயல்காட்டுப் பெண், எங்கள் கத்தலைக் கேட்டால் "பக்கத்துல நிக்கறவனகூட கடல் தாண்டி நிக்கறா மாதிரி கூப்புடுவீங்க" என்று கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்தவள்.

"இனிமே இந்த ரெண்டு வூட்டுக்கு நடுவுல யார் வந்தாலும் குரல் குடுத்துட்டு வரணும். ஆபத்துன்னாலும் குரல் குடுக்கணும். கேட்டவங்க வரணும்." செல்வம் அதை மொழிபெயர்த்தான். லொரெய்ன் யோசித்தாள். "நான் கத்தினால் நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டாள். "இன்னாம்மா கேள்வி இது? வேலியெல்லாம் தாண்டி வந்தானே, பாக்கலியா?" என்றேன்.

கண்ணாடியை உடைத்தவன் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறான். அது எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

குழந்தை அடுத்த வாரமே பிறந்தது. பெண். மூக்கு எங்கள் நைனா மூக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று காலை, தேவி கூடத்தில் பிள்ளையை மடியில் போட்டுப் பாலூட்டிக்கொண்டிருந்தாள், நான் அடுப்பில் பூண்டு வதக்கிக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து ஒரு பெரும் குரல் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருஷக்கணக்காக அதட்டிய குரல்.

"லொரெய்ன்! வில்பர்ட் மகள்! பக்கத்து வீடு!"

எட்டிப் பார்த்தேன். கையில் ஒரு கேக்கோடு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். பதில் வராமல் கால் எடுத்து வைக்க மாட்டாள்போல. நான் வாயைத் திறப்பதற்குள், மடியில் பிள்ளையோடு தேவி கத்தினாள். குப்பத்தில் பிறந்தவளே தோற்றுப்போகிற மாதிரிக் கத்தினாள்.

"வழி இருக்கு, வா!"